50ஐ, 25பி, 50பி: கேம்கார்டர் வீடியோ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கேம்கார்டர் டேப்பைக் கணினிக்கு மாற்றுபவர்களும், கேமரா மெனுவைத் திறந்துவிட்டு எதை அழுத்துவது என்று தெரியாமல் நிற்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். கணக்கெல்லாம் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் கேமராவுக்கு. உங்கள் கேமராவில் 60 என்று இருந்தால், 50 வரும் இடத்தில் 60, 25 வரும் இடத்தில் 30 என்று போட்டுப் படித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, 50ஐ, 1080ஐ என்று எழுதும்போது அந்த ‘ஐ’ வேற்றுமை உருபு இல்லை; இன்டர்லேஸைக் குறிக்கிறது, அதாவது படத்தைப் பாதி பாதியாக எடுப்பது. ‘பி’ என்றால் புரோகிரஸிவ், முழுசாக எடுப்பது.

மெனுவில் 50ஐ, 25பி, 50பி என்று மூணு இருக்கு. மூணுக்கும் என்ன வித்தியாசம்?

25பி என்றால் நொடிக்கு 25 முழுப் படங்கள். 50பி என்றால் நொடிக்கு 50 முழுப் படங்கள். இந்த இரண்டிலும் குழப்பத்துக்கு இடமில்லை.

50ஐ வேறு மாதிரி. அதிலும் கேமரா நொடிக்கு 50 தடவை பதிவு செய்கிறது, ஆனால் ஒவ்வொரு தடவையும் பாதிக் கோடுகளை மட்டும். 1080 கோடுகள் உள்ள படத்தில் முதல் தடவை 1, 3, 5 என்று 540 கோடுகள். நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து 2, 4, 6 என்று மீதி 540. இந்தப் பாதிப் படத்துக்கு ஃபீல்டு என்று பெயர். இரண்டு ஃபீல்டையும் ஒன்றுக்குள் ஒன்று பின்னி, ஒரே ஃபிரேமாக ஃபைலில் எழுதிவைக்கிறது கேமரா.

அப்போ 50ஐ-யும் 25பி-யும் ஒண்ணுதானே? ரெண்டுலயும் நொடிக்கு 25 ஃபிரேம்தானே இருக்கு?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். 25பி-யில் ஒரு ஃபிரேமின் எல்லாக் கோடுகளும் ஒரே கணத்தைச் சேர்ந்தவை. 50ஐ-யில் ஒரு ஃபிரேமுக்குள் இரண்டு வெவ்வேறு கணங்கள் இருக்கின்றன. அதனால் 25பி-யில் நொடிக்கு 25 கணங்கள், 50ஐ-யில் நொடிக்கு 50 கணங்கள். ஃபிரேம் எண்ணிக்கை ஒன்றாக இருப்பதாலேயே பலர் ஏமாறுகிறார்கள்.

ஒரு பந்து திரையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு இரண்டு நொடியில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 1920 பிக்சல் அகலத்தை இரண்டு நொடியில் கடந்தால் நொடிக்கு 960 பிக்சல். 50ஐ-யில் அடுத்தடுத்த ஃபீல்டுகளுக்கு இடையில் பந்து சுமார் 19 பிக்சல் நகர்ந்திருக்கும். 25பி-யில் ஒரு ஃபிரேமிலிருந்து அடுத்ததற்கு 38 பிக்சல் தாவும். கேம்கார்டர் வீடியோ டிவியில் வழுக்கிக்கொண்டு போவது போலத் தெரிவதும், 25பி கொஞ்சம் விட்டுவிட்டுத் தெரிவதும் இதனால்தான்.

இப்படிப் பாதி பாதியா எடுக்கணும்னு யாருக்குத் தோணுச்சு? நேரா முழுசா எடுத்தா என்ன?

1930-களில் அப்படி எடுத்து அனுப்ப வழியில்லை. அன்றைய டிவி, படக்குழாயில் மின்கற்றையை ஓடவிட்டுக் கோடு கோடாகப் படம் வரையும். நொடிக்கு 25 தடவை மட்டும் வரைந்தால் திரை கண்ணை உறுத்தும் அளவுக்கு மினுக்கும். 50 முழுப் படம் அனுப்பினால் மினுக்கல் குறையும், ஆனால் அலைவரிசையில் இரண்டு மடங்கு இடம் வேண்டும். பாதிக் கோடுகளாக 50 தடவை அனுப்பினால் மினுக்கலும் அடங்கும், இடமும் கூடாது. ஜெர்மனியில் டெலிஃபங்கன் நிறுவனத்தின் ஃபிரிட்ஸ் ஷ்ரோட்டரும், அமெரிக்காவில் ஆர்சிஏ நிறுவனத்தின் ராண்டால் பல்லார்டும் 1930-களின் தொடக்கத்தில் இதற்கு வழி கண்டார்கள். 1936-ல் லண்டனில் பிபிசி தொடங்கிய 405 கோடு ஒளிபரப்பு இந்த முறையில்தான் போனது.

அந்தக் காலத்துக்கு இது கெட்டிக்காரத்தனமான தீர்வு. இன்றைய எல்சிடி, ஓஎல்இடி திரைகள் கோடு கோடாக வரைவதில்லை. முழுப் படத்தையும் காட்டி, அடுத்தது வரும்வரை பிடித்துவைத்திருக்கின்றன. நம் தலைவலி எல்லாம் அங்கிருந்து வருகிறது. 2012-ல் வந்த 4கே, 8கே டிவிக்கான பிடி.2020 தரத்தில் இன்டர்லேஸ் அடியோடு கிடையாது.

சில கேமரா 50, சில கேமரா 60. போதாக்குறைக்கு 59.94, 29.97 வேற. இது என்ன கணக்கு?

50-ம் 60-ம் அந்தந்த நாட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணை ஒட்டி வந்தவை. பழைய டிவிப்பெட்டிகளில் மின்சாரத்தின் ஹம் படத்தில் பட்டையாக ஊர்ந்து போகாமல் இருக்க, இரண்டையும் ஒத்துப்போக வைத்தார்கள்.

59.94 வண்ணத் தொலைக்காட்சி கொண்டுவந்த வினை. 1953-ல் அமெரிக்கா வண்ணத்துக்கு மாறியபோது, புதிதாகச் சேர்த்த வண்ண அலையும் ஏற்கெனவே இருந்த ஒலி அலையும் மோதிப் படத்தில் கோலம் போடாமல் இருக்க, வேகத்தை 1001-க்கு 1000 என்ற விகிதத்தில் குறைத்தார்கள். அதனால் 60 என்பது 59.94 ஆனது, 30 என்பது 29.97, 24 என்பது 23.976. மெனுவில் 60 என்று போட்டிருந்தாலும் கேம்கார்டர் பெரும்பாலும் 59.94-ல்தான் எழுதும். எடிட்டிங்கில் 29.97 கிளிப்பை 30 என்று தவறாகச் சொல்லிவிட்டால், ஒரு மணி நேரப் பதிவில் ஒலியும் படமும் 3.6 நொடி விலகிவிடும். இந்த 3.6 நொடியை டைம்கோடில் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் போடும் நேர எண்ணில்) சரிக்கட்டத்தான் டிராப் ஃபிரேம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அதில் மணிக்கு 108 எண்கள் தாண்டிப்போகும். எண்கள்தான் போகும், படம் எதுவும் போகாது.

கணினியில் பார்த்தா, ஆள் நகரும்போது ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடா வருது. கேமரா ரிப்பேரா?

கேமரா நன்றாக இருக்கிறது. இரண்டாவது பதிலில் சொன்ன இரண்டு கணங்களையும் கணினி ஒரே படமாகக் காட்டுகிறது, அவ்வளவுதான். அசையாத சுவர், மேசை எல்லாம் தெளிவாக இருக்கும். அவை இரண்டு கணத்திலும் அதே இடத்தில்தான் இருந்தன. அசையும் கை மட்டும் பல் பல்லாகப் பிரியும். அந்தப் பந்தை நிறுத்திப் பார்த்தால் அதன் ஓரத்தில் 19 பிக்சல் நீளத்துக்குப் பல் இருக்கும். வேகம் கூடினால் பல்லும் நீளும்.

அதே கேமராவை டிவியில் சொருகினா அருமையா இருக்கே?

டிவிக்குள் டீஇன்டர்லேஸ் செய்யும், அதாவது பின்னிய ஃபீல்டுகளைப் பிரித்து முழுப் படமாக்கும் சிப் இருக்கிறது. இன்டர்லேஸ் சிக்னல் வந்தால் தானே பிரித்து நொடிக்கு 50 படமாக்கிக் காட்டிவிடும். கணினியில் அதை பிளேயர் செய்ய வேண்டும். விஎல்சியில் வீடியோ மெனுவுக்குள் டீஇன்டர்லேஸை ஆன் செய்து, மோடில் ‘யாடிஃப் 2எக்ஸ்’ தேர்ந்தெடுங்கள். பார்ப்பதற்கு மட்டும் என்றால் இதுவே போதும், ஃபைலை மாற்றவே வேண்டாம்.

ஃபைல் விவரத்துல 25 எஃப்பிஎஸ்னுதான் காட்டுது. உள்ள இருக்கிறது 50ஐ-யா 25பி-யா, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்து ‘ஸ்கேன் டைப்’ என்ற வரியைப் பாருங்கள். இன்டர்லேஸ்டு என்றோ, ஏவிசிஹெச்டி (டேப் இல்லாத பல கேம்கார்டர்கள் எழுதும் வடிவம்) ஃபைலாக இருந்தால் எம்பிஏஎஃப்எஃப் என்றோ இருந்தால், ஃபைல் இன்டர்லேஸ் முறையில் எழுதப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அது உறையின் மேல் எழுதிய முகவரி மட்டும்தான். உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு அது சாட்சி இல்லை.

கண்ணால் பார்ப்பதுதான் உறுதியான வழி. யாராவது கையை வீசும் இடமோ, கேமரா பக்கவாட்டில் திரும்பும் இடமோ தேடுங்கள். பிளேயரில் டீஇன்டர்லேஸை அணைத்துவிட்டு, நிறுத்தி, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். அசையும் பொருளின் ஓரத்தில் எல்லா ஃபிரேமிலும் பல் தெரிந்தால் உள்ளே இருப்பது 50ஐ. எதிலும் பல் இல்லாவிட்டால் 25பி. சில ஃபிரேமில் இருக்கிறது, சிலவற்றில் இல்லை என்றால் 24பி பற்றிய பதிலுக்குப் போங்கள். இதைப் பார்க்கும்போது படத்தை 100 சதவீத அளவில் வைத்துப் பாருங்கள். சிறிதாக்கிப் பார்த்தால் பல் குழைந்து கண்ணுக்குத் தப்பிவிடும்.

நான் 25பி-யிலதான் எடுத்தேன். ஆனா மென்பொருள் இன்டர்லேஸ்டுன்னு அடம்பிடிக்குது. யாரை நம்புறது?

உங்களை நம்பலாம். பல கேம்கார்டர்கள் 25பி-யை 50ஐ என்ற உறைக்குள் போட்டுத்தான் எழுதும். கேமரா ஒரு முழுப் படம் எடுக்கும். அதை ஒற்றைக் கோடு, இரட்டைக் கோடு என்று பிரித்து இரண்டு ஃபீல்டாக எழுதும். இரண்டும் ஒரே கணம் என்பதால் திரும்பச் சேர்த்தால் பழுதில்லாத முழுப் படம். ஒளிபரப்புத் துறையில் இதை பிஎஸ்எஃப் என்பார்கள். கேனான் கேமராக்களின் மெனுவில் பிஎஃப்25 என்று வருவது இந்த வகைதான்.

இதை டீஇன்டர்லேஸ் செய்யாதீர்கள். நன்றாக இருக்கும் படத்தில் பாதிக் கோடுகளைத் தூக்கிப்போட்டு, அந்த இடத்தை ஊகத்தால் நிரப்பச் சொல்வது அது. சாய்கோடுகளும் எழுத்துகளும் படிக்கட்டு போல ஆகிவிடும். எடிட்டிங் மென்பொருளில் அந்த கிளிப்பின் அமைப்புக்குப் போய் ஃபீல்டு ஆர்டரை ‘புரோகிரஸிவ்’ என்று மாற்றினால் வேலை முடிந்தது.

60 ஹெர்ட்ஸ் கேமராவில் 24பி-ல எடுத்த டேப் இருக்கு. மூணு ஃபிரேம் நல்லா இருக்கு, ரெண்டு ஃபிரேம்ல பல் தெரியுது. இது என்ன கூத்து?

24 படங்களை 60 ஃபீல்டுகளில் அடைக்கச் செய்த வேலை. முதல் படத்துக்கு 2 ஃபீல்டு, அடுத்ததற்கு 3, மறுபடி 2, மறுபடி 3. நான்கு படம் பத்து ஃபீல்டாகும், பத்து ஃபீல்டு ஐந்து ஃபிரேமாகும். அந்த ஐந்தில் மூன்று சுத்தமாக இருக்கும். இரண்டில் மட்டும் அடுத்தடுத்த இரண்டு படங்களின் பாதிகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். புல்டவுன் என்பது இதற்குப் பெயர். 2002-ல் வந்த பானசோனிக்கின் டிவிஎக்ஸ்100 கேம்கார்டர், மினிடிவி (MiniDV) டேப்பில் 24பி-யை இப்படித்தான் எழுதியது. பின்னால் திரும்பப் பிரிப்பது சுலபமாக இருக்க, 2:3:3:2 என்ற இன்னொரு வரிசையும் அதில் உண்டு. அந்த வரிசையில் எடுத்திருந்தால் பல் உள்ள ஃபிரேம் ஐந்துக்கு ஒன்றுதான். அதை எடுத்துப் போட்டால் தீர்ந்தது.

இதற்கும் டீஇன்டர்லேஸ் மருந்தில்லை. ஃபீல்டுகளை அவற்றின் சொந்த ஜோடியோடு திரும்பச் சேர்க்கும் ‘இன்வர்ஸ் டெலிசினி’ வேண்டும். அதைச் செய்தால் 23.976 முழுப் படங்கள் இழப்பில்லாமல் கிடைக்கும்.

சரி, என்னுடையது அசல் 50ஐ-தான். டீஇன்டர்லேஸ் பண்ணினா தரம் போயிடுமா? எந்த முறை நல்லது?

முறையைப் பொறுத்தது. பட்டனை அழுத்தினால் போதும் என்று விற்கும் பல மென்பொருள்கள் இரண்டில் ஒன்றைச் செய்யும். ஒரு ஃபீல்டைத் தூக்கி எறிந்துவிட்டு மற்றதை இழுத்து நிரப்பும், அல்லது இரண்டையும் கலந்து ஒன்றாக்கும். முதலாவதில் செங்குத்துத் தெளிவு பாதியாகிறது, அசைவும் பாதியாகிறது. இரண்டாவதில் ஓடும் குழந்தைக்குப் பக்கத்தில் ஒரு பேய் உருவம் கூடவே ஓடும். கலக்கும் முறையை நான் யாருக்கும் சொல்வதில்லை. கலந்ததைப் பிறகு பிரிக்கவே முடியாது.

சரியான வழி, ஒவ்வொரு ஃபீல்டையும் ஒரு முழுப் படமாக வளர்த்து, 50ஐ-யை 50பி ஆக்குவது. பாப் என்ற எளிய முறை இதை முரட்டுத்தனமாகச் செய்யும். மெல்லிய கிடைக்கோடுகள் மேலும் கீழும் துள்ளும், ஏனென்றால் இரண்டு ஃபீல்டுகளும் ஒரு கோடு உயரம் தள்ளி இருப்பவை. யாடிஃப் கொஞ்சம் புத்திசாலி. படம் அசையாத இடத்தில் பக்கத்து ஃபீல்டின் கோடுகளை எடுத்துக்கொள்ளும், அசையும் இடத்தில் மட்டும் ஊகிக்கும். அவைசின்த் என்ற மென்பொருளில் ஓடும் கியூடிஜிஎம்சி இன்னும் ஒரு படி மேலே போய், பொருள் எந்தத் திசையில் நகர்கிறது என்று கணித்து நிரப்பும். மெதுவாகத்தான் ஓடும், ஆனால் மறுபடி எடுக்க முடியாத குடும்ப டேப் என்றால் காத்திருக்கலாம்.

எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் யாடிஃப் ஃபில்டருக்கு மோடு எண் 0 கொடுத்தால் 25 படம் வரும், 1 கொடுத்தால் 50 படம் வரும். எதுவும் கொடுக்காவிட்டால் 0 என்றே எடுத்துக்கொள்ளும். பலருடைய 50 கணங்கள் தெரியாமலேயே 25 ஆகிப்போவது இந்த இடத்தில்தான். எந்த மென்பொருளாக இருந்தாலும், வெளியே வந்த ஃபைலில் 50 இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

50பி ஆக்கிட்டேன், பல் போயிடுச்சு. ஆனா அசைவு எல்லாம் முன்னும் பின்னும் உதறுது. ஏன்?

ஃபீல்டு வரிசை தலைகீழாகிவிட்டது. ஒவ்வொரு ஃபிரேமிலும் எந்தப் பாதி முதலில் எடுக்கப்பட்டது என்று மென்பொருளுக்குத் தெரிய வேண்டும். தவறாகச் சொன்னால் 1, 2, 3, 4 என்று வர வேண்டிய கணங்கள் 2, 1, 4, 3 என்று வரும். ஓரடி பின்னே, மூன்றடி முன்னே. அசையாத காட்சியில் எதுவும் தெரியாது. யாராவது நடந்தால் உடனே தெரிந்துவிடும்.

மினிடிவி, டிஜிட்டல்8 டேப்பிலிருந்து வரும் டிவி (DV; தொலைக்காட்சி இல்லை) ஃபைல்களில் கீழ் ஃபீல்டு முதலில். ஹெச்டிவி (HDV), ஏவிசிஹெச்டி போன்ற 1080ஐ ஃபைல்களில் மேல் ஃபீல்டு முதலில். பழைய டேப்பையும் புதிய கேமரா ஃபைலையும் ஒரே டைம்லைனில் போடுபவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். கிளிப் வாரியாக வரிசையைச் சரிபாருங்கள். டைம்லைனின் வரிசை எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று நினைக்காதீர்கள்.

1080ஐ ஃபைலை 720 ஆகச் சுருக்கி வச்சிருக்கேன். பல் போய், இப்போ அலை அலையா பட்டை தெரியுது. சரி பண்ண முடியுமா?

முடியாது, வருத்தமாகத்தான் இருக்கிறது. சுருக்கும்போது ஒற்றைக் கோட்டையும் இரட்டைக் கோட்டையும் மென்பொருள் ஒன்றோடொன்று குழைத்துவிட்டது. இனி எந்தப் புள்ளி எந்தக் கணத்தைச் சேர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அசல் ஃபைல் இருந்தால் அங்கிருந்து மறுபடி தொடங்குங்கள்.

சுருக்குவது, பெரிதாக்குவது, படத்தைச் சாய்ப்பது, நடுக்கம் போக்குவது, வேகத்தை மாற்றுவது எதுவானாலும், முதலில் டீஇன்டர்லேஸ், மற்றதெல்லாம் அப்புறம். நிறத்தைத் திருத்துவது மட்டும் எப்போது செய்தாலும் பரவாயில்லை. அது கோடுகளை இடம் மாற்றுவதில்லை.

யூடியூப்ல போடணும். 50ஐ ஃபைலை அப்படியே ஏத்தலாமா?

ஏற்றாதீர்கள். இன்டர்லேஸ் வீடியோவை டீஇன்டர்லேஸ் செய்துவிட்டு ஏற்றச் சொல்லி அவர்களே வழிகாட்டியில் சொல்கிறார்கள். 50பி ஆக்கி ஏற்றுங்கள். 2014 முதல் அங்கே நொடிக்கு 60 படம் வரை ஓடும். பழைய 576 கோடு டேப் என்றால், 50பி ஆக்கிய பிறகு 720 அல்லது 1080 உயரத்துக்குப் பெரிதாக்கி ஏற்றுவது நல்லது. சிறிய அளவில் ஏற்றினால் 50 படங்கள் 25 ஆகக் குறைந்துவிடும்.

இனிமே புதுசா எடுக்கப் போறேன். எதுல வைக்கட்டும்?

50பி இருந்தால் 50பி. முழுக் கோடும் கிடைக்கிறது, 50 கணமும் கிடைக்கிறது. பின்னால் 25பி வேண்டுமென்றால் ஒன்றுவிட்டு ஒன்று எடுத்துக்கொள்ளலாம். ஏவிசிஹெச்டி கேமராக்களில் 2011-க்கு முன்பு 1080பி-யில் இந்த வேகம் தரத்திலேயே இல்லை. அந்த ஆண்டு 28 எம்பிபிஎஸ் வரை அனுமதித்து 1080 50பி-யைச் சேர்த்தார்கள். அதற்கு முந்தைய கேமரா என்றால் பெரும்பாலும் 50ஐ, 25பி இரண்டில் ஒன்றுதான்.

அப்படிப்பட்ட கேமராவில், விளையாட்டு, நடனம், ஓடும் குழந்தைகள் என்றால் நான் 50ஐ-யைத்தான் சொல்வேன். கேமராவை ஸ்டாண்டில் வைத்து ஒருவர் பேசுவதை எடுப்பதாக இருந்தால் 25பி. டீஇன்டர்லேஸ் என்ற வேலையே இல்லாமல் போகும். இன்டர்லேஸ் பழசு, அதைத் தொடவே கூடாது என்று ஒரு பேச்சு உண்டு. 50பி இல்லாத கேமராவில் அசைவைக் காப்பாற்ற அதை விட்டால் வேறு வழியில்லை.

25பி-ல கேமராவைத் திருப்பினா படம் தடதடன்னு குதிக்குது. எல்லாரும் சினிமா மாதிரி இருக்கும்னாங்களே?

சினிமா எடுப்பவர்கள் அந்த வேகத்தில் திருப்புவதில்லை. நொடிக்கு 25 படத்தில் கேமராவை மெல்லத்தான் திருப்ப முடியும், அல்லது நகரும் ஆளைப் பின்தொடர்ந்து திருப்ப வேண்டும். அப்போது கண் ஆளைப் பார்க்கும், பின்னணி குதிப்பதைப் பார்க்காது. ஷட்டரையும், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் ஒளி விழும் நேரத்தையும் பாருங்கள். நல்ல வெயிலில் கேமரா தானாக 1/500 நொடிக்குப் போய்விடும். ஒவ்வொரு படமும் கூர்மையாக உறைந்து, தாவல் இன்னும் பட்டவர்த்தனமாகும். 1/50-ல் நிறுத்திவிட்டு, வெளிச்சம் கூடினால் லென்ஸில் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போடுங்கள்.

ட்யூப்லைட் அடியில எடுத்தா படம் மினுக்குது. இதுவும் இன்டர்லேஸ் கோளாறா?

இல்லை, இது ஷட்டர் விவகாரம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பழைய வகை ட்யூப்லைட் நொடிக்கு 100 தடவை மினுக்கும். ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்றால் ஒவ்வொரு படத்திலும் முழு மினுக்கல்கள் விழுவதால் வெளிச்சம் சீராக இருக்கும். 60 ஹெர்ட்ஸ் கேமராவை 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்துக்குக் கொண்டுபோனால் 1/100 வையுங்கள். மறுபுறமாக இருந்தால் 1/60. ஜப்பானில் வீடியோ எங்கும் 59.94-தான், ஆனால் கிழக்குப் பகுதியில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60. அங்கே இந்த வேலை அன்றாடம்.

ஓடுற வண்டியிலிருந்து எடுத்தா கம்பமெல்லாம் சாய்ஞ்சு தெரியுது. டீஇன்டர்லேஸ் பண்ணியும் போகலை.

போகாது. அது ரோலிங் ஷட்டர். சிமாஸ் சென்சார் மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகப் படிப்பதால், அடியில் உள்ள கோடு படிக்கப்படும் நேரத்தில் கம்பம் நகர்ந்திருக்கும். 50பி-யிலும் இது வரும். பல் பல்லாகப் பிரிந்தால் இன்டர்லேஸ், முழுசாகச் சாய்ந்தால் ரோலிங் ஷட்டர்.

50ஐ-ல எடுத்ததை ஸ்லோ மோஷன் ஆக்கலாமா?

பாதி வேகம் வரை அழகாக வரும். மேலே சொன்னபடி 50பி ஆக்கி, அந்த 50 படங்களை நொடிக்கு 25 வீதம் ஓடவிடுங்கள். ஒவ்வொன்றும் உண்மையான தனிக் கணம் என்பதால் இடறாது. 25பி-யில் எடுத்ததற்கு இந்தச் சலுகை இல்லை.

ஒரு டேப் 50ஐ, ஒண்ணு 60ஐ, கூட ஃபோன் வீடியோ. மூணையும் ஒரே படமா சேர்க்கணும்.

முதலில் ஒவ்வொன்றையும் அதனதன் முழு வேகத்துக்குக் கொண்டுவாருங்கள்: 50பி, 59.94பி. ஃபோன் வீடியோவை மீடியாஇன்ஃபோவில் பாருங்கள். ‘வேரியபிள்’ என்று இருந்தால் அதன் வேகம் ஓடும்போதே கூடிக் குறையும். அதை நிலையான வேகத்துக்கு மாற்றாமல் டைம்லைனில் போட்டால் ஒலி மெல்ல மெல்ல நழுவும். பிறகு எது அதிகம் இருக்கிறதோ அந்த வேகத்தில் டைம்லைன் வையுங்கள். 60-ஐ 50 ஆக்கும்போது நொடிக்குப் பத்து படம் உதிரும், 50-ஐ 60 ஆக்கும்போது பத்து படம் இரட்டிக்கும். கவனித்துப் பார்த்தால் சின்ன இடறல் தெரியும். மென்பொருள் ‘ஃபிரேம் பிளெண்டிங்’ வேண்டுமா என்று கேட்கும். நான் வேண்டாம் என்பேன்: பேய் உருவத்துக்குச் சின்ன இடறல் தேவலாம்.

டிவிடி, ப்ளூரே போடணும்னா 50பி ஃபைலைக் கொடுத்தா போதுமா?

டிவிடியில் நொடிக்கு 50 முழுப் படம் கிடையாது. சாதாரண ப்ளூரேயில் 720 உயரத்தில் உண்டு, 1080-ல் இல்லை. 1080 என்றால் 50ஐ-தான். எனவே டிஸ்குக்காக மட்டும் என்றால் டீஇன்டர்லேஸே செய்யாதீர்கள். அசல் 50ஐ-யை அதே அளவில், சரியான ஃபீல்டு வரிசையோடு கொடுங்கள். மீதியை டிவி பார்த்துக்கொள்ளும். புரோகிரஸிவாகச் செய்த டைட்டில் எழுத்துகளை அதில் சேர்த்தால், ஒரு பிக்சல் தடிமனான கிடைக்கோடுகள் துடிக்கும். அந்தக் கோடு ஒரு ஃபீல்டில் மட்டும் இருப்பதால் பாதி நேரம் காணாமல் போகிறது. எழுத்தைக் கொஞ்சம் தடிமனாக்குங்கள், அல்லது மேல்கீழாக லேசாக மங்கலாக்குங்கள்.

டேப்பைக் கணினிக்கு ஏத்தும்போதே டீஇன்டர்லேஸ் பண்ணிடலாமா? வேலை மிச்சமாகுமே?

மிச்சமாகாது. மினிடிவி டேப்பில் ஏற்கெனவே டிஜிட்டல் தரவுதான் இருக்கிறது. ஃபயர்வயர் கேபிள் வழியாக அதை அப்படியே பிரதி எடுங்கள். மணிக்குச் சுமார் 13 ஜிபி ஆகும். இந்தப் பிரதியைத் தொடாமல் வைத்துக்கொண்டு, அதிலிருந்து 50பி தயாரியுங்கள். டீஇன்டர்லேஸ் முறைகள் வருடத்துக்கு வருடம் மேம்படுகின்றன. டேப்பும் அதை ஓட்டும் கேமராவும் அப்படியில்லை.

எல்லாம் சரியா பண்ணிட்டேன். ஆனா சிவப்புத் துணியோட ஓரம் மட்டும் ரம்பம் மாதிரி இருக்கு.

டேப்பிலிருந்து இங்கு வரும் வழியில் யாரோ ஒரு மென்பொருள் நிறத்தைத் தவறாக விரித்திருக்கிறது. ஏவிசிஹெச்டி, ஹெச்டிவி, 50 ஹெர்ட்ஸ் டிவி (DV) ஆகிய மூன்றிலும் நிறத் தகவல், உயரவாக்கில் வெளிச்சத் தகவலில் பாதிதான். இன்டர்லேஸ் ஃபைலில் அது ஃபீல்டு வாரியாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். மென்பொருள் இதைப் புரோகிரஸிவ் என்று நினைத்து விரித்தால், ஒரு ஃபீல்டின் நிறம் பக்கத்து ஃபீல்டின் கோட்டில் போய் உட்காரும். சாம்பலிலும் வெள்ளையிலும் தெரியாது. அழுத்தமான சிவப்பிலும் நீலத்திலும்தான் காட்டிக்கொடுக்கும்.

நிற வடிவத்தை மாற்றும் படி டீஇன்டர்லேஸுக்கு முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைப் பின்னால் தள்ளுங்கள். முன்னால்தான் வர வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால், அந்தப் படிக்கு இது இன்டர்லேஸ் என்று தனியாகச் சொல்லும் அமைப்பு பெரும்பாலான மென்பொருளில் இருக்கும். அதை ஆன் செய்துவிட்டு, அதே சிவப்பு ஓரத்தை 200 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள்.